பழைய துப்பறியும் கதைகளுக்குத் திரும்புவோருக்கு: எங்கே தொடங்குவது, எதைத் தவிர்ப்பது

சிறு வயதில் ஒரே மூச்சில் படித்து முடித்த துப்பறியும் கதைகளை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் கையில் எடுத்தபோது, என்னால் முப்பது பக்கங்களைக்கூடத் தாண்ட முடியவில்லை. ஓராண்டுக்குள் நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் பாதியில் விட்டுவிட்டேன். முதல் முறை, தொடங்கக் கூடாத நாவலில் தொடங்கினேன். இரண்டாம் முறை, நான் வாங்கிய பதிப்பின் முன்னுரையே குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிட்டது. மூன்றாம் முறை, தலைப்பு வேறாக இருந்ததால், ஏற்கெனவே படித்த நாவலையே மறுபடியும் பணம் கொடுத்து வாங்கினேன். நான்காம் முறை, பதினொரு பாத்திரங்களில் யாருக்கு யார் என்ன உறவு என்பது மறந்துபோய், அடுத்தடுத்த இரவுகளில் அதே அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நான்கு தடங்கல்களில் ஒன்றுகூடத் தவிர்க்க முடியாதது அல்ல என்பது ஐந்தாம் முறைதான் எனக்குப் புரிந்தது. என்னைப்போல் நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்ப நினைப்பவர்களும், இந்தக் கதைகளை முதன்முறையாக அணுகுபவர்களும் அந்த ஓராண்டை இழக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பழைய துப்பறியும் கதைகள் என்று இங்கே நான் சொல்வது, எட்கர் ஆலன் போ 1841ஆம் ஆண்டு எழுதிய சிறுகதையில் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் வரையில் வெளிவந்தவற்றையும் அவற்றின் வழியில் வந்தவற்றையும்தான்.

படி 1: இரண்டு வகைகளைப் பிரித்து அறியுங்கள்

எல்லாத் துப்பறியும் கதைகளையும் ஒரே மாதிரி படிக்கலாம் என்று நினைத்தது நான் செய்த அடிப்படைத் தவறு. முதல் வகைக் கதைகளில், துப்பறிவாளர் எதைக் கண்டார் என்பது அவர் விளக்கிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அவர் தரையில் குனிந்து எதையோ ஆராய்வார். அது என்னவென்று, கதையை நமக்குச் சொல்லும் அவருடைய நண்பர் வாட்சனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அங்கே நமக்கு வேலை, ஒரு கூர்மையான மனம் இயங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான். ‘என்னால் கண்டுபிடிக்க முடியவில்லையே’ என்று அந்தக் கதைகளில் வருந்துவது வீண்.

இரண்டாம் வகை, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தழைத்த புதிர் நாவல். இதில் எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே ஓர் உடன்பாடு உண்டு. ரொனால்ட் நாக்ஸ் என்னும் எழுத்தாளர் 1929ஆம் ஆண்டு வகுத்த பத்து விதிகளில் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிவாளர் கண்ட தடயம் எதுவும் வாசகரின் கண்ணில் படாமல் மறைக்கப்படக் கூடாது. எல்லா எழுத்தாளர்களும் எல்லா விதிகளுக்கும் கட்டுப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. சிறந்த சில நாவல்கள் விதியின் எல்லைக்கோட்டில் நின்றே எழுதப்பட்டவை. ஆனாலும் இந்த இரண்டு விதிகளையும் நம்பிப் படிக்கலாம். முதல் வகையில் ஓய்வாகவும் இரண்டாம் வகையில் விழிப்பாகவும் படிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், பாதி ஏமாற்றம் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: சிறுகதையில் தொடங்குங்கள், நாவலில் அல்ல

நீண்ட நாள் ஓடாதவர் முதல் நாளே பத்துக் கிலோமீட்டர் ஓடினால் மறுநாள் நடக்கவே முடியாது. வாசிப்பும் அப்படித்தான். கைப்பேசித் திரையில் சிறு சிறு துண்டுகளாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு, முந்நூறு பக்க நாவல் முதலில் களைப்பைத்தான் தரும்.

ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ஹோம்ஸ் கதைகள் நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளும். வெளிவந்த வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள்; அந்த அறிவுரையைக் கேட்டுத்தான் நான் முதல் முறை விழுந்தேன். 1887ஆம் ஆண்டு வெளிவந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ என்னும் முதல் நாவலின் இரண்டாம் பாகம் தொடங்கியதும், கதை லண்டனை விட்டு அமெரிக்கப் பாலைநிலத்துக்குத் தாவிவிடுகிறது. ஹோம்ஸும் வாட்சனும் தொடர்ந்து பல அத்தியாயங்களுக்குக் கண்ணில் படுவதில்லை. புத்தகம் தவறாக அச்சாகிவிட்டதோ என்று நான் பக்க எண்களைச் சரிபார்த்தேன். ‘தி வேலி ஆஃப் ஃபியர்’ நாவலும் இதே அமைப்பு கொண்டதுதான். இவை மோசமான நாவல்கள் அல்ல. ஆனால் தொடக்கத்துக்கு உரியவை அல்ல.

அதற்குப் பதிலாக, 1892ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்’ நூலில் தொடங்குங்கள். பன்னிரண்டு கதைகள், ஒவ்வொன்றும் ஓர் அமர்வில் முடியும். முதல் கதையிலேயே ஒரு சிறு காட்சி வரும். கீழ்க்கூடத்திலிருந்து தம் அறைக்கு வரும் படிக்கட்டில் எத்தனை படிகள் என்று ஹோம்ஸ் வாட்சனிடம் கேட்கிறார். நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கிய வாட்சனுக்குத் தெரியவில்லை. பதினேழு, என்கிறார் ஹோம்ஸ். இந்த இடத்தைப் படித்ததும் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, தினமும் ஏறும் என் வீட்டு மாடிப்படிகள் எத்தனை என்று யோசித்தேன், தெரியவில்லை. எழுந்துபோய் எண்ணிவிட்டு வந்துதான் மேலே படித்தேன். பழைய சுவை திரும்பி வந்தது அந்த நிமிடத்தில்தான் என்று உறுதியாகச் சொல்வேன். நீங்களும் எழுந்துபோய் எண்ணிப் பாருங்கள்.

அதற்கு அடுத்ததாக ஜி. கே. செஸ்டர்டன் 1911ஆம் ஆண்டு வெளியிட்ட, ஃபாதர் பிரவுன் என்னும் பாதிரியார் துப்பறியும் கதைகளின் முதல் தொகுப்பைப் பரிந்துரைப்பேன். இதன் முதல் சில கதைகளை வரிசை மாற்றாமல் படிக்க வேண்டும். ஒரு பாத்திரத்தின் வாழ்க்கை அவற்றில் படிப்படியாக மாறுகிறது. செஸ்டர்டனின் வருணனை அடர்த்தியானது. ஒரே நாளில் இரண்டு கதைகள் படித்தால் திகட்டும்.

முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று அஞ்சுபவர்கள், ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி சிங்கிங் போன்’ தொகுப்பைத் தேடிப் பாருங்கள். அதிலுள்ள பெரும்பாலான கதைகளில் குற்றம் நடந்த விதமும் செய்தவர் யார் என்பதும் முதலிலேயே சொல்லப்பட்டுவிடும். துப்பறிவாளர் அதை எப்படி எட்டுகிறார் என்பதே கதை. ‘யார்’ என்னும் கேள்வி இல்லாமலே ஒரு துப்பறியும் கதை நம்மை இழுத்துப் பிடிக்கும் என்பதை இவை காட்டுகின்றன.

படி 3: நாவலுக்குப் போகும்போது வரிசையைக் கவனியுங்கள்

பத்துப் பதினைந்து சிறுகதைகளுக்குப் பிறகு நாவலுக்குப் போகலாம். ஹோம்ஸ் நாவல்களில் முதலில் படிக்க வேண்டியது 1902ஆம் ஆண்டு நூலாக வந்த ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’. இதிலும் ஹோம்ஸ் நடுவில் சில அத்தியாயங்களுக்கு விலகி இருப்பார். ஆனால் கதையும் களமும் மாறுவதில்லை, வாட்சன் நம்முடனேயே இருக்கிறார்.

அகதா கிறிஸ்டியின் நாவல்களை எந்த வரிசையிலும் படிக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சில விதிவிலக்குகளை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 1937ஆம் ஆண்டு வெளியான ‘டம்ப் விட்னஸ்’ நாவலின் நடுவே, துப்பறிவாளர் பொய்ரோ தாம் முன்பு கையாண்ட வழக்குகளை நினைவுகூர்ந்து, நான்கு நாவல்களின் குற்றவாளிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டுவிடுகிறார். ஆகவே ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’, ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்’, ‘தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ ட்ரெய்ன்’, ‘டெத் இன் தி க்ளவுட்ஸ்’ ஆகிய நான்கையும் படித்து முடிக்கும் வரை அந்த நாவலைத் தொடாதீர்கள். அதேபோல் 1936ஆம் ஆண்டு வெளியான ‘கார்ட்ஸ் ஆன் தி டேபிள்’ நாவலுக்கு முன்பு, ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் நடக்கும் புகழ்பெற்ற ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலைப் படித்துவிட வேண்டும். 1975ஆம் ஆண்டு வெளிவந்த ‘கர்ட்டன்’ பொய்ரோவின் கடைசி வழக்கு. அதைக் கடைசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொன்ன அந்த நான்கு நாவல்களில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால், 1926ஆம் ஆண்டு வெளிவந்த ரோஜர் ஆக்ராய்ட் நாவலைத்தான் சொல்வேன். அதுவே ஆகச் சிறந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. அதன் முடிவு அளவுக்கு ஊரெல்லாம் கசிந்த முடிவு வேறொன்றும் இல்லை. இன்னும் உங்கள் காதில் விழாமல் இருந்தால் அது ஒரு நல்வாய்ப்பு. நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். பூட்டிய அறைக்குள் நடக்கும் கொலைகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஜான் டிக்சன் காரின் நாவல்கள் இருக்கின்றன. ஆனால் 1935ஆம் ஆண்டு வந்த ‘தி ஹாலோ மேன்’ நாவலில், பூட்டிய அறைத் தந்திரங்களை வகைப்படுத்தி விளக்கும் ஓர் அத்தியாயமே உண்டு. ஆகவே அவ்வகைக் கதைகள் சிலவற்றைப் படித்து முடித்த பிறகு அதை எடுங்கள்.

படி 4: புத்தகத்தைப் பெறும் வழிகளும் செலவும்

முதல் இரண்டு மாதங்களுக்கு ஒரு காசும் செலவழிக்கத் தேவையில்லை. கோனன் டாயில் 1930ஆம் ஆண்டு மறைந்தார். எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் நாடுகளிலும், 60 ஆண்டுகள் என்று வரையறுத்துள்ள நாடுகளிலும் அவருடைய எழுத்துகள் எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன. அமெரிக்காவில் மட்டும், 1927ஆம் ஆண்டு வெளிவந்த கடைசித் தொகுப்பு 2023ஆம் ஆண்டு தொடங்கியபோதுதான் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டது. 1936ஆம் ஆண்டு மறைந்த செஸ்டர்டனின் கதைகளுக்கும் 70 ஆண்டுக் கெடு முடிந்துவிட்டது. 1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இவற்றை இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம்; பதிவு செய்ய வேண்டியதில்லை, எந்த ஆவணமும் கேட்கப்படாது.

கிறிஸ்டியின் நிலை வேறு. அவர் 1976ஆம் ஆண்டு மறைந்ததால், 70 ஆண்டு விதி உள்ள நாடுகளில் 2046ஆம் ஆண்டு முடியும் வரை உரிமை நீடிக்கும். அமெரிக்காவில் அக்காலத்து நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்பது கணக்கு. ஆகவே அவருடைய 1920களின் நாவல்கள் அங்கே விடுபட்டுவிட்டன. ஒரு நாட்டில் இலவசமாக இருப்பது இன்னொரு நாட்டில் உரிமைக்கு உட்பட்டதாக இருக்கலாம் என்பதால், தரவிறக்குவதற்கு முன் நீங்கள் வாழும் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மூலம் பொதுவுடைமை ஆகியிருந்தாலும், அதன் அண்மைக்கால மொழிபெயர்ப்புக்கும் விளக்கவுரைக்கும் தனி உரிமை உண்டு.

பொது நூலகம்தான் அடுத்த நல்ல வழி. உறுப்பினராவதற்குப் பொதுவாக அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். சில இடங்களில் திரும்பப் பெறக்கூடிய வைப்புத்தொகை கட்ட வேண்டியிருக்கும். சான்றுகளின் நகல்களுடன் மூலங்களையும் கொண்டுசெல்லுங்கள்; நகல் மட்டும் எடுத்துப்போய் நான் ஒரு முறை வெறுங்கையோடு திரும்பினேன். இரவல் கெடு பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரம். ஒரு நாவலுக்கு அது தாராளம்.

விலைக்கு வாங்குபவர்கள் தலைப்பில் ஏமாறக் கூடாது. பழைய நாவல்கள் பல, பிரிட்டனில் ஒரு பெயரிலும் அமெரிக்காவில் வேறு பெயரிலும் வெளிவந்தன. மேலே சொன்ன ‘தி ஹாலோ மேன்’ அமெரிக்காவில் ‘தி த்ரீ காஃபின்ஸ்’. ‘டெத் இன் தி க்ளவுட்ஸ்’ அங்கே ‘டெத் இன் தி ஏர்’. ‘லார்ட் எட்ஜ்வேர் டைஸ்’ என்பது ‘தர்ட்டீன் அட் டின்னர்’. ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் நாவலும் முதலில் அமெரிக்காவில் ‘மர்டர் இன் தி கலே கோச்’ என்றே வந்தது. பழைய புத்தகக் கடையில் நல்ல விலைக்குக் கிடைக்கிறதே என்று எடுப்பதற்கு முன், உரிமைப் பக்கத்தில் முந்தைய தலைப்பு ஏதும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரியைப் பார்க்காததால்தான் நான் ஒரே நாவலுக்கு இரண்டு முறை பணம் கொடுத்தேன்.

படி 5: பதிப்பைச் சோதித்த பிறகே படிக்கத் தொடங்குங்கள்

இது ஐந்து நிமிட வேலை. ஆனால் இதைத் தவிர்த்தால் நூறு விழுக்காடு நட்டம். முன்னுரை, பின்னட்டைக் குறிப்பு, அடிக்குறிப்பு ஆகிய மூன்றும் எதிரிகள் என்றே கொள்ளுங்கள். அறிஞர் பெருமக்கள் எழுதும் முன்னுரைகள், வாசகர் நாவலை முன்பே படித்தவர் என்ற எண்ணத்தில் எழுதப்படுகின்றன. எனக்குக் கிடைத்த பதிப்பில் முன்னுரையின் மூன்றாம் பக்கத்தில், ஒரு துணைவாக்கியத்தின் உள்ளே, குற்றவாளியின் பெயர் மிகச் சாதாரணமாக இருந்தது. அன்று இரவு அந்தப் புத்தகத்தை மூடி வைத்தவன் ஐந்து மாதங்களுக்குத் திறக்கவில்லை. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அது அங்கேதான் பொருந்துகிறது.

அடுத்து, சுருக்கப் பதிப்பா என்று பாருங்கள். ‘சுருக்கப்பட்டது’, ‘தழுவல்’, ‘மாணவர் பதிப்பு’ போன்ற சொற்கள் உரிமைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். வேறு வகை நாவலைச் சுருக்கினால் சுவை குறையலாம். புதிர் நாவலைச் சுருக்கினால் தடயமே காணாமல்போகும். சுருக்குபவர் ‘இந்த வரி தேவையில்லை’ என்று வெட்டுவது பெரும்பாலும் எழுத்தாளர் பாடுபட்டு ஒளித்துவைத்த வரியாகவே இருக்கும். மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் முழுமையான மொழிபெயர்ப்பு என்று குறிப்பிடப்பட்டிருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, வரைபடங்கள். ‘ஸ்டைல்ஸ்’, ‘ஆக்ராய்ட்’ போன்ற நாவல்களில் வீட்டின் அறை அமைப்பைக் காட்டும் படங்கள் உண்டு. அவை அலங்காரம் அல்ல, சாட்சியத்தின் பகுதி. மின்னூல்களில் சில சமயம் அந்தப் படம் விடுபட்டிருக்கும், அல்லது எழுத்து தெரியாத அளவுக்குச் சிறுத்திருக்கும். அப்படியானால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

எல்லாக் கதைகளும் அடங்கிய ஒரே தடித்த தொகுப்பை வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். கையில் பிடிக்க முடியாது, எழுத்து சிறியது, முடிவே இல்லாதது போன்ற சோர்வையும் தரும். பன்னிரண்டு கதைகள் கொண்ட மெல்லிய நூல் ஒன்றை முடித்து அலமாரியில் வைக்கும் நிறைவு அதில் கிடைக்காது.

படி 6: காலத்தைத் திட்டமிடுங்கள்

ஹோம்ஸ் சிறுகதை ஒன்றை நிதானமாகப் படிக்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதை இரண்டாகப் பிரிக்காதீர்கள்; ஒரே அமர்வில் படித்தால்தான் தொடக்கத்தில் வந்த சிறு தகவல் முடிவு வரை மனத்தில் நிற்கும். வாரத்துக்கு இரண்டு கதைகள் என்று வைத்துக்கொண்டால் முதல் தொகுப்பு ஆறு வாரங்களில் முடியும். புதிர் நாவல்கள் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு மணி நேரம் பிடிப்பவை; அதை ஒரே வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். நாளுக்கு ஐந்து பக்கம் என்று இரண்டு மாதம் இழுத்தால், எந்தச் சாட்சி என்ன சொன்னார் என்பது நிச்சயம் மறந்துபோகும். நேரம் இல்லாத மாதத்தில் நாவலைத் தொடாமல் சிறுகதையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். கவனம் சிதறும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு பாத்திரத்தின் பெயரைத் தேடினாலே போதும், தேடல் கட்டமே ‘கொலையாளி’ என்ற சொல்லைப் பக்கத்தில் சேர்த்துக் காட்டிவிடும்.

ஒலிநூல்கள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தன்னார்வலர்கள் 2005 முதல் வாசித்துப் பதிவுசெய்துவரும் லிப்ரிவாக்ஸ் தொகுப்பில் ஹோம்ஸ் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் வகைக் கதைகளுக்கு அவை பொருத்தமானவை. புதிர் நாவலை முதன்முறை காதால் கேட்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பின்னோக்கிப் புரட்டி ஒப்பிடுவதுதான் அந்த வாசிப்பின் உயிர்.

படி 7: ஒரு தாளும் பென்சிலும் போதும்

பெயர்களில் சிக்கித் தவிக்கும் தொல்லைக்கு இதைவிட எளிய மருந்து இல்லை. ஒரு தாளை நான்காக மடித்து மடிப்புக்கோடுகளைப் பத்திகளாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர், மற்றவர்களோடு உறவு, குற்றம் நடந்த நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொல்கிறார், அதை உறுதிசெய்பவர் யார். இந்த நான்காம் பத்திதான் முக்கியம். அது வெறுமையாக இருப்பவரை எல்லாரும் சந்தேகிப்பார்கள். ஒரே ஒருவரின் சொல்லால் நிரம்பியிருப்பவரை நீங்கள் சந்தேகிக்க வேண்டும். தாளின் பின்பக்கத்தில், ‘இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது?’ என்று தோன்றும் இடங்களைப் பக்க எண்ணோடு குறித்துவையுங்கள்.

எந்த நாவலின் முடிவையும் கெடுக்காமல் இருக்க, ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துச் சொல்கிறேன். முதல் அத்தியாயத்தில் வீட்டுப் பணிப்பெண் போகிறபோக்கில், ‘ஐயாவுக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஒரு வரி எழுத வராது’ என்கிறாள். ஆறாம் அத்தியாயத்தில் காவல் ஆய்வாளர் இறந்தவரின் மேசையை வருணிக்கிறார்: மைக்கூடு, மையொற்றும் தாள், பாதி எழுதிய கடிதம், எரிந்து முடிந்த மெழுகுவத்தி. ஒன்பதாம் அத்தியாயத்தில் மருமகன், ‘நான் உள்ளே போனபோது மாமா எழுதிக்கொண்டிருந்தார், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னோடு பேசினார்’ என்கிறான். பதினோராம் அத்தியாயத்தில், மாடியறையில் போர்வையை மடிக்கும்போது அந்தக் கண்ணாடி கீழே விழுகிறது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.

நான்கு வரிகளும் நம் கண்முன்னேதான் இருக்கின்றன. ஆனால் மேசையில் இருந்த பொருள்களின் பட்டியலைப் படிக்கும்போது, இருப்பவற்றைத்தான் மனம் எண்ணுகிறதே தவிர, இல்லாததை எண்ணுவதில்லை. தாளின் பின்பக்கத்தில் ‘கண்ணாடி, பக்கம் 9’ என்று குறித்திருந்தால், ஆறாம் அத்தியாயத்தில் கை தானாக நின்றிருக்கும். கண்ணாடி மாடியில் இருந்தது என்றால் கடிதத்தை எழுதியது யார், மருமகன் கண்டதாகச் சொல்வது என்ன என்ற இரண்டு கேள்விகளும் பதினோராம் அத்தியாயத்திலேயே எழுந்திருக்கும்.

குறிப்பெடுத்தால் படிக்கும் சுகம் போய்விடாதா என்று நானும் முதலில் தயங்கினேன். ஒரு நாவலுக்கு மொத்தம் பதினைந்து, இருபது குறிப்புகளுக்கு மேல் தேவைப்படுவதில்லை. அதற்கு மேல் எழுதத் தொடங்கினால் அது தேர்வுக்குப் படிப்பதுபோல் ஆகிவிடும். பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள்.

பழங்காலப் பணக்கணக்கையும் அதே தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட், 21 ஷில்லிங் ஒரு கினி. உயில், கடன், பணிப்பெண்ணின் சம்பளம் என்று கொலைக்கான காரணம் பல கதைகளில் பணத்தில் போய் முடிவதால் இது உதவும். அக்காலப் பெருநகரங்களில் கடிதங்கள் ஒரே நாளில் பல முறை பட்டுவாடா செய்யப்பட்டன என்பதையும் நினைவில் வையுங்கள். காலையில் போட்ட கடிதம் மாலையில் கிடைப்பது கதாசிரியரின் பிழை அல்ல.

இன்னொரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இக்கதைகளில் பிற இனத்தவர் பற்றியும் ஏழைகள் பற்றியும் இன்று மனத்தைத் தைக்கும் சொற்கள் வருகின்றன. 1939ஆம் ஆண்டு வெளிவந்த கிறிஸ்டியின் தீவு நாவலின் முதல் தலைப்பிலேயே இனவெறிச் சொல் ஒன்று இருந்தது. இப்போது ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ என்ற பெயரில்தான் அது கிடைக்கிறது. எனக்கு அவ்வகை வரிகள் வரும் கதைகளை மூடிவைக்க மனம் வந்ததும் உண்டு, தொடர்ந்து படித்ததும் உண்டு. மூடிவைக்கத் தோன்றினால் தயங்காமல் மூடிவையுங்கள். படிக்க வேண்டிய வேறு கதைகள் ஏராளம்.

படி 8: முடிவுக்கு முன் ஓர் இரவு நிறுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்று நீங்கள் சொன்னால், அது இதுவாக இருக்கட்டும். துப்பறிவாளர் எல்லாரையும் ஓர் அறையில் கூடச் சொல்லும் இடத்தில், அல்லது ‘எனக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது’ என்று சொல்லும் இடத்தில், புத்தகத்தை மூடிவிடுங்கள். எல்லரி குவீனின் தொடக்ககால நாவல்களில், 1929ஆம் ஆண்டு வந்த முதல் நாவல் தொட்டு, இந்த இடத்தில் எழுத்தாளரே கதையை நிறுத்தி, தேவையான தடயங்கள் அனைத்தும் உங்களிடம் உள்ளன என்று வாசகருக்கு அறைகூவல் விடுக்கிறார். மற்ற நாவல்களில் அந்த இடத்தை நாமே கண்டுகொள்ள வேண்டும். பொதுவாக ஐந்தில் நான்கு பங்கு முடிந்த இடத்தில் வரும்.

மூடிய பிறகு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள்: யார், எப்படி, ஏன், எந்தத் தடயத்தால் அப்படி நினைக்கிறீர்கள். நான்காவது வரி இல்லாத விடை வெறும் ஊகம். மறுநாள் வரை திறக்க வேண்டாம். பாத்திரம் கழுவும்போதும் பேருந்துக்காக நிற்கும்போதும் அந்தச் சாட்சியங்கள் மனத்தில் தாமாகவே இடம் மாறி உட்காரும். நான் இதுவரை இப்படிப் படித்த பதினான்கு நாவல்களில் மூன்றில்தான் சரியான விடையை எழுதியிருக்கிறேன். மற்ற பதினொன்றிலும் கிடைத்த மகிழ்ச்சி அந்த மூன்றைவிடக் குறைந்ததல்ல. பல நேரம் கூடுதல்தான். தவறாக நினைத்தவருக்குத்தான், தாம் எந்த வரியில் ஏமாற்றப்பட்டோம் என்பதைத் தேடிப்போய்ப் பார்க்கும் ஆவல் வரும்.

படி 9: முடிந்ததும் முன்பக்கத்துக்குத் திரும்புங்கள்

கடைசிப் பக்கம் முடிந்த அன்றைக்கே, குற்றவாளி முதன்முதலாகப் பேசும் இடத்தை மட்டும் மீண்டும் படியுங்கள். பத்து நிமிடம் போதும். நல்ல எழுத்தாளர் அந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கமாட்டார். ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கும், நாம்தான் வேறு பொருளில் எடுத்துக்கொண்டிருப்போம். அந்த வாக்கியங்கள் கட்டப்பட்ட நுட்பம் இரண்டாம் வாசிப்பில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. முன்னுரையையும் இப்போது படிக்கலாம். திரைப்பட வடிவங்களையும் இப்போது பார்க்கலாம். சில திரை வடிவங்கள் குற்றவாளியையே மாற்றியிருக்கின்றன, ஆகவே திரையில் பார்த்துவிட்டோமே என்று ஒரு நாவலை ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

பிறகு புத்தகத்தின் உள்ளட்டையில் படித்து முடித்த தேதியை மட்டும் எழுதி வையுங்கள். நூலகப் புத்தகமானாலும் நண்பருக்கு இரவல் கொடுப்பதானாலும், கைமாறுவதற்கு முன் ஒருமுறை பக்கங்களை விரித்து உதறிப் பாருங்கள். யார், எப்படி, ஏன் என்று நீங்கள் எழுதிய அந்தத் தாள் உள்ளேயே இருந்துவிடக் கூடாது. என் தங்கை ஒரு நாவலை முதல் பக்கத்திலேயே மூடிவிட்டது அப்படி மறந்துபோன ஒரு தாளால்தான்.